முந்திரி ஓட்டு எண்ணெய்: கையைச் சுடுவது, பிரேக்கில் உட்கார்வது

பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நுழைகிற பிள்ளையை "முந்திரிக்கொட்டை" என்று அதட்டுவது நம் ஊர் வழக்கம். மற்ற பழங்களில் கொட்டை உள்ளே அடக்கமாக இருக்கும். முந்திரியில் பழத்தை முந்திக்கொண்டு வெளியே தொங்கும். தாவரவியல் படித்தவர்களைக் கேட்டால் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். நாம் பழம் என்று சப்பித் தின்பது பருத்துப்போன காம்பு. கீழே தொங்கும் கொட்டைதான் உண்மையான கனி. ஆக, முந்திரிக்கொட்டை யாரையும் முந்தவில்லை, பாவம், தன் இடத்தில்தான் இருக்கிறது.

சரி, சதைக்குள் ஒளிந்துகொள்ளாமல் வெட்டவெளியில் தொங்குகிற விதைக்கு யார் காவல்? ஓடுதான். முந்திரி ஓட்டை நறுக்கிப் பார்த்தால் வெளியே தோல்போல் ஓர் அடுக்கு, உள்ளே கெட்டியான ஓர் அடுக்கு, இரண்டுக்கும் நடுவே தேன்கூடுபோல் சின்னச் சின்ன அறைகள் தெரியும். அந்த அறைகள் முழுக்கச் செம்பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஓர் எண்ணெய். தோப்புப் பக்கம் இதைப் "பால்" என்பார்கள். வணிகத்தில் இதன் பெயர் சிஎன்எஸ்எல், அதாவது "கேஷ்யூ நட் ஷெல் லிக்விட்" என்பதன் சுருக்கம். நாம் ஓட்டு எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம்.

முந்திரித்தோப்பு உள்ள ஊரில் வளர்ந்த யாருக்கும் இதைப் புத்தகம் பார்த்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய டால்டா டின்னில் ஆணியால் ஓட்டை போட்டு, பொறுக்கிய கொட்டைகளை அதில் கொட்டி, பனையோலையைக் கொளுத்திச் சுடுவோம். கொஞ்ச நேரத்தில் கொட்டைகள் "உஸ்" என்று சீறி, பக்கவாட்டில் தீ நாக்குகளைப் பீய்ச்சும். கருப்புப் புகை கண்ணைக் கரிக்கும். மண்ணை அள்ளிப் போட்டுத் தீயை அணைத்து, கல்லால் தட்டிப் பருப்பை எடுப்போம். சுடும்வரை பொறுக்க முடியாமல் பச்சைக் கொட்டையை ஒருமுறை பல்லால் கடித்து, இரண்டு வாரம் உதடு வெந்து திரிந்தவன் நான். அந்தச் சீறலும் தீயும் வெந்த உதடும் எல்லாம் இந்த எண்ணெயின் வேலை.

முந்திரி, மா, சேராங்கொட்டை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் புண்ணாவது நமக்குத் தெரியும். சேராங்கொட்டைச் சாற்றைத் தொட்டுத்தான் சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறி வைத்தார்கள். எத்தனை வெளுப்புக்கும் அந்தக் கறை போகாது. கையில் பட்டால் தோல் கொப்பளிக்கும். அமெரிக்கக் காடுகளில் தொட்டாலே அரிப்பெடுக்கும் பாய்சன் ஐவி என்ற கொடியும் இதே குடும்பத்துப் பங்காளி. 1982 ஏப்ரலில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சிறுவர் பேஸ்பால் அமைப்பு ஒன்று நிதி திரட்ட விற்ற முந்திரிப் பொட்டலங்களைத் தின்ற 54 பேருக்கு உடம்பெல்லாம் தடித்து அரித்தது. விசாரித்துப் பார்த்ததில், மொசாம்பிக்கிலிருந்து வந்திருந்த அந்தப் பருப்பில் ஓட்டுத் துணுக்குகள் கலந்திருந்தன. பாய்சன் ஐவி ஒத்துக்கொள்ளாத உடம்புகள் முந்திரி ஓட்டையும் அடையாளம் கண்டுகொண்டன.

இதன் வேதியியலை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். எண்ணெய் என்று அழைத்தாலும் இது தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போலக் கொழுப்பு அல்ல. குளிர்ந்த நிலையில் பிழிந்த ஓட்டு எண்ணெயில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 60 முதல் 65 விழுக்காடு, அனகார்டிக் அமிலம். ஆஸ்பிரினுக்குத் தாயான சாலிசிலிக் அமிலத்துக்கு 15 கார்பன் நீளத்தில் ஒரு வால் முளைத்தால் எப்படியோ அப்படி ஒரு மூலக்கூறு. கூடவே கார்டால், கொஞ்சம் கார்டனால். நன்றாகச் சூடாக்கினால் அனகார்டிக் அமிலம் நுரைத்துக்கொண்டு கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கார்டனாலாக மாறும். கார்டனால் என்றால் வால் வைத்த பீனால். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் பீனாலைக் கொண்டுதான் பேக்கலைட் போன்ற பிசின்களைச் செய்கிறார்கள். அதே பீனால் இங்கே மரத்தில் காய்க்கிறது, வளைந்துகொடுக்கிற ஒரு நீண்ட வாலோடு. இந்த வாலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிரேக் கட்டைக்கு வரும்போது தேவைப்படும்.

மரம் நம்முடையதல்ல. பிரேசிலின் வடகிழக்குக் கரையிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. அங்கிருந்த பழங்குடிகளின் சொல் போர்ச்சுகீசிய நாக்கில் "கஜு"வாகி, இலங்கையில் கஜுவாகவும் வடக்கே காஜு கத்லியாகவும் நிற்கிறது. மணல் காட்டிலும் செம்மண் மேட்டிலும் தண்ணீர் கேட்காமல் வளர்ந்ததால் இந்த மரம் மேற்குக் கரையில் தொடங்கிக் கடலூர் மாவட்டம் வரை பரவிவிட்டது. ஆனாலும் பல நூறு ஆண்டுகளுக்கு இது வீட்டுத் தின்பண்டமாகவே இருந்தது. உலகச் சந்தைக்குப் போகிற தொழிலாக மாறியது 1920-களுக்குப் பிறகு, கொல்லத்தில். காரணம் இந்த எண்ணெய்தான். நெல்லைக் குத்துவதுபோல முந்திரியை உடைக்க முடியாது. ஓடு நசுங்கினால் எண்ணெய் பருப்பில் ஏறிவிடும், பருப்பு பாழ். உடைப்பவர் கையும் பாழ்.

முந்திரி ஆலையில் நடக்கிற அத்தனை வேலையையும் "எண்ணெய் படாமல் பருப்பை வெளியே எடுப்பது எப்படி" என்ற ஒரே கேள்விக்கான விடைகளாகப் பார்க்கலாம். முதல் விடை டிரம் வறுவல். சாய்வாகப் படுத்துச் சுழலும் இரும்பு உருளையைச் சிவக்கக் காய்ச்சி, அதில் கொட்டையைக் கொட்டுவார்கள். எண்ணெய் கசிந்து தீப்பிடித்து எரிய, எரிகிற கொட்டை மறுமுனையில் வந்து விழும். தண்ணீர் தெளித்துச் சாம்பலில் புரட்டுவார்கள். ஓடு மொறுமொறுவென்று ஆகிவிடும், உடைப்பது எளிது. எண்ணெய்? அது கரும்புகையாகக் கூரையைத் தாண்டி ஊருக்குள் போய்விடும். நம் டால்டா டின் முறைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

அடுத்தது எண்ணெய்க் குளியல். இதை முதலில் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தால் கெட்டிக்காரத்தனம். தொட்டி நிறைய ஓட்டு எண்ணெயையே ஊற்றி 190 டிகிரி அளவுக்குக் காய்ச்சுகிறார்கள். அதற்குள் கொட்டைகளை ஓரிரு நிமிடம் முக்கி எடுத்தால் ஓட்டின் அறைகள் வெடித்து, உள்ளிருக்கும் எண்ணெயில் ஏறக்குறைய பாதி தொட்டிக்குள்ளேயே இறங்கும். தொட்டி நிரம்பி வழிவதைப் பிடித்து வைத்தால் அதுதான் விற்பனைச் சரக்கு. காய்ச்சலிலேயே அனகார்டிக் அமிலம் கார்டனாலாக மாறிவிடுவதால் தனியாகப் பக்குவம் செய்யும் வேலையும் மிச்சம்.

இன்று பெரும்பாலான ஆலைகளில் நீராவி முறை. கொட்டையைக் கொதிகலன் நீராவியில் வேகவைத்து ஒரு நாள் ஆறவிட்டால் ஓடு ரப்பர்போல் ஆகி, பருப்பு ஓட்டிலிருந்து விலகி நிற்கும். காலால் மிதிக்கிற கத்தியிலோ இயந்திரத்திலோ அதை இரண்டாகப் பிளக்கலாம். எண்ணெய் எங்கும் போகாமல் ஓட்டிலேயே இருக்கும். புகை இல்லை, பருப்பும் வெள்ளையாக வரும். பிறகு போர்மா என்கிற சூடான அறையில் பருப்பை உலர்த்தித் தோலுரித்து, அளவு வாரியாகப் பிரிப்பார்கள். கடைகளில் "பச்சை முந்திரி" என்று விற்கிறார்களே, அதுவும் இப்படி வெந்து வந்ததுதான். தோப்பில் பச்சையாக உடைத்த முந்திரியை யாரும் பொட்டலம் போட்டு விற்பதில்லை, விற்றால் வாங்கியவர் உதடு சொல்லும்.

கொல்லத்தின் ஆலைகளை மலையாளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத் தமிழிலும் "அண்டி ஆபீஸ்" என்பார்கள். ஆபீஸ் என்ற சொல்லைக் கேட்டு மின்விசிறியும் மேசையும் நினைத்துவிடக்கூடாது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு கல்லில் கொட்டையை வைத்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி உடைக்கிற வேலை அது. "தல்லு" என்று பெயர். கைக்குக் காப்பு, ஒரு குவியல் சாம்பலும் கொஞ்சம் எண்ணெயும். கையுறை போட்டால் வேகம் குறையும். எடைக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு வேகம்தான் சோறு. எண்ணெய் மீண்டும் மீண்டும் பட்டு விரல் கறுத்து, தோல் உரிந்து, ரேகை தேய்ந்துபோவதும் உண்டு. கேரள ஆலைகளைப் பற்றிய ஆய்வுகள் ஒரு கசப்பான வரிசையைப் பதிவு செய்திருக்கின்றன. ஓடு உடைக்கும் பிரிவில் பெரும்பாலும் தலித் பெண்கள். தோலுரிப்பிலும் தரம் பிரிப்பிலும் மற்ற சாதிப் பெண்கள். கை சுத்தமாக இருக்கிற வேலைக்குத் தனி மதிப்பு. ஓட்டு எண்ணெயிலிருந்து எத்தனை அடி தள்ளி உட்காரலாம் என்பதைக்கூடச் சாதி தீர்மானித்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். கொட்டை வியாபாரத்தில் மூட்டை என்றால் 80 கிலோ. அதில் எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்பதுதான் தரம்; மெட்ரிக் முறை வந்து இத்தனை காலமாகியும் இந்தப் பேச்சு மட்டும் பவுண்டில்தான். "48 அவுட்டர்ன்" என்றால் மூட்டைக்கு 48 பவுண்டு, அதாவது 22 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான பருப்பு. மீதியில் பெரும்பங்கு, ஐம்பது கிலோவுக்கு மேல், ஓடு. அந்த ஓட்டை எக்ஸ்பெல்லர் என்கிற செக்கு இயந்திரத்தில் பிழிந்தால் பத்துப் பன்னிரண்டு கிலோ எண்ணெய் வரும். அதாவது பருப்பின் எடையில் பாதியளவு எண்ணெய். பிழிந்த சக்கையில் இன்னும் எண்ணெய் ஒட்டியிருப்பதால் நன்றாக எரியும். கொதிகலனுக்கும் செங்கல் சூளைக்கும் விறகாகப் போகிறது. பண்ருட்டிப் பக்கம் ஓடு ஏற்றிய லாரிக்குப் பின்னால் போனவர்களுக்கு அந்த வாசனை தெரிந்திருக்கும்.

எக்ஸ்பெல்லரில் வந்ததை அப்படியே விற்க முடியாது. கசடு நீக்கி, கொப்பரையில் காய்ச்சிக் கரியமில வாயுவை வெளியேற்ற வேண்டும். அது நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தால் பொங்கல் பானை தோற்கும், கவனிக்காவிட்டால் கொப்பரையைத் தாண்டி வழிந்துவிடும். இதன் தரத்துக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் ஐஎஸ் 840 என்று தனி வரையறையே இருக்கிறது. இன்னும் ஒரு படி மேலே போகிறவர்கள் இதை வெற்றிடத்தில் வடித்து, தங்க நிறத்தில் கார்டனாலைப் பிரிக்கிறார்கள். அடியில் தங்கும் கருங்குழம்புக்கு ரெசிடால் என்று பெயர். அதுவும் கருப்புப் பூச்சுகளுக்கு விலைபோகிறது.

இந்தச் சனியனை என்ன செய்வது என்று முதலில் தீவிரமாக யோசித்தவர் மார்ட்டிமர் ஹார்வி என்ற அமெரிக்க வேதியியலாளர். 1920-களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கி, ஓட்டு எண்ணெயைப் பிசினாக்கும் வழிகளைத் தேடி வரிசையாகக் காப்புரிமைகள் வாங்கினார். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க அரசு இந்த எண்ணெயின் பயன்பாட்டையே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. சாம்பலில் கை தேய்த்துக்கொண்டு கொல்லத்துப் பெண்கள் ஒதுக்கியது, அங்கே போர்ச் சரக்கு. ஹார்வியின் வேலையிலிருந்து கிளைத்த கார்டோலைட் நிறுவனம் இன்று மங்களூரிலேயே ஆலை வைத்து ஓட்டு எண்ணெயை வாங்குகிறது.

பிரேக் கட்டையில் இது என்ன செய்கிறது? வண்டி ஓடும் வேகம் முழுவதையும் பிரேக் உராய்வால் வெப்பமாக மாற்றுகிறது. மலையிறக்கத்தில் பாரவண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், கட்டை அளவுக்கு மேல் சூடேறினால் பிடிப்பு வழுக்கத் தொடங்கிவிடும். சாதாரணப் பீனால் பிசின் கெட்டியானது, சூட்டில் நொறுங்கும் குணம் கொண்டது. ஓட்டு எண்ணெயில் செய்த பிசினுக்கு அந்த 15 கார்பன் வால் இருப்பதால் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். எண்ணெயை ஃபார்மால்டிஹைடு போன்றவற்றோடு சேர்த்து இறுகவைத்து, அரைத்துத் தூளாக்குகிறார்கள். அதன் பெயர் ஃபிரிக்‌ஷன் டஸ்ட், உராய்வுத் தூள். இது கட்டையின் மேற்பரப்பில் சூட்டை வாங்கிக்கொண்டு, பிடிப்பை ஒரே சீராக வைத்து, கிறீச்சென்ற சத்தத்தையும் குறைக்கிறது. உடல்நலக் கேட்டுக்காகப் பல நாடுகளில் பிரேக் கட்டையிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் வெளியேறியது. முந்திரித் தூள் வெளியேறவில்லை. நீங்கள் ஏறிப்போகிற பேருந்தின் பிரேக்கிலும் கிளட்சிலும் இது உட்கார்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பெயின்டில் இதன் பயன் வேறு மாதிரி. எபாக்சி என்கிற பிசினில் செய்த பூச்சு இறுகுவதற்கு ஒரு கெட்டிப்பான் தேவை. சாதாரணக் கெட்டிப்பான்களுக்குக் குளிரும் ஈரமும் ஆகாது. கார்டனாலிலிருந்து செய்யும் ஃபீனல்கமின் என்ற வகை, உறைநிலையை ஒட்டிய குளிரிலும் ஈரம் காயாத இரும்பிலும் பிடித்து இறுகும். அதனால் கப்பல்களுக்கும் துறைமுக இரும்புக்கும் இதைத் தேடி வாங்குகிறார்கள். இதில் வியப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. எந்த ஆய்வகமும் வருவதற்கு முன்பே மேற்குக் கரையின் மீனவர்கள் படகின் அடிப்பலகையில் ஓட்டு எண்ணெயைத்தான் பூசினார்கள், கரையான் ஏறாமல் இருக்க உத்தரத்திலும் கதவு நிலையிலும் பூசினார்கள். மரத்தில் ஊறி, காற்றுப் பட்டுக் கெட்டியாகி, பூச்சியையும் உப்புநீரையும் தடுக்கிற குணத்தை அவர்கள் கண்ணால் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். மற்றபடி ரப்பர் கலவை, லேமினேட் பலகை, வார்ப்படத் தொழிலின் மணல் அச்சு என்று பட்டியல் நீளும்.

இவ்வளவு வேண்டப்படுகிற பொருளுக்கு ஒரு விசித்திரமான தலையெழுத்து உண்டு. எண்ணெய்க்காக முந்திரி நடுகிறவர் உலகில் யாரும் இல்லை. நடுவது பருப்புக்காக. எத்தனை எண்ணெய் வரும் என்பதைத் தீபாவளிக்கு எத்தனை பேர் காஜு கத்லி வாங்குகிறார்கள், கிறிஸ்துமஸுக்கு ஐரோப்பாவில் எத்தனை டப்பா விற்கிறது என்பதுதான் முடிவுசெய்கிறது. பெயின்ட் ஆலைக்குக் கூடுதலாக வேண்டும் என்பதற்காக ஒரு கொட்டைகூட அதிகம் உடையாது. இன்னொரு பக்கம் கச்சா எண்ணெய் விலை இறங்கினால் பெட்ரோலியப் பீனால் மலிவாகி, ஓட்டு எண்ணெயை வாங்க ஆள் குறைவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே விலை ஊஞ்சலாடுகிறது. பிழிந்து விற்பதைவிட ஓட்டை அப்படியே விறகுக்குத் தள்ளுவது லாபம் என்ற நிலைமையும் சில சமயம் வருகிறது. அப்போது போகிற புகையை நினைத்தால் வயிறு எரிகிறது.

உடைக்கும் இடமும் மாறிவிட்டது. இன்று கொட்டை அதிகம் விளைவது மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில். பருப்பெடுத்து ஏற்றுமதி செய்வதில் முதலிடம் வியட்நாமுக்கு. அங்கே இயந்திரம் வேகமாக நுழைந்தது, ஓடெல்லாம் ஒரே இடத்தில் குவிந்தது, ஓட்டு எண்ணெய் ஏற்றுமதியும் பின்னாலேயே போனது. கொல்லத்தில் பல ஆலைகள் பூட்டிக் கிடக்கின்றன. பண்ருட்டி வட்டாரத்துக்கு வேறு அடி. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தபோது தலைமுறை கண்ட மரங்கள் வேரோடு சாய்ந்தன. விருத்தாசலத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆய்வு நிலையம் வெளியிட்ட விஆர்ஐ 3 போன்ற ஒட்டு ரகங்கள் இப்போது தோப்புகளில் காய்க்கின்றன என்றாலும், உள்ளூர்க் கொட்டை ஆலைகளுக்குப் போதாது. ஆப்பிரிக்கக் கொட்டை கப்பலில் வந்து இங்கே உடைபடுகிறது. அதன் ஓட்டு எண்ணெயும் இங்கேயே தங்குகிறது என்பது ஒரு விதத்தில் லாபம்தான். ஐவரி கோஸ்ட் இப்போது உள்நாட்டிலேயே உடைக்க முனைப்புக் காட்டுவதால் இந்த லாபம் எத்தனை காலம் என்பது வேறு கேள்வி.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். இணையக் கடைகளில் "முந்திரி எண்ணெய்" என்று இரண்டு விதமான பொருள் கண்ணில் படும். ஒன்று பருப்பைப் பிழிந்து எடுத்தது; உண்ணத் தகுந்த கொழுப்பு எண்ணெய், விலை கண்ணைக் கட்டும். உடைந்த பருப்பே நல்ல விலைக்குப் போகும்போது அதைப் பிழிவதில் யாருக்கும் பெரிய ஆர்வம் இல்லை. மற்றது நாம் இவ்வளவு நேரம் பேசிய ஓட்டு எண்ணெய். குடிக்கவும் கூடாது, தடவவும் கூடாது. பித்தவெடிப்புக்கும் மருவுக்கும் பாட்டி ஓட்டு எண்ணெய் தடவியது உண்மைதான். மரு எரிந்து விழுந்ததும் உண்மை. சுற்றியிருந்த நல்ல தோலும் சேர்ந்து வெந்த கதையை மட்டும் வீட்டில் யாரும் சொல்வதில்லை. அனகார்டிக் அமிலம் பல் சொத்தையை உண்டாக்கும் கிருமியைக் கொல்கிறது என்று ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். அது சோதனைக் குழாய்க்குள் நடந்தது. அதை நம்பி யாரும் ஓட்டைக் கடித்துவிட வேண்டாம்; கடித்தவன் சொல்கிறேன்.

இதே கிருமிக்கொல்லிக் குணத்தை வேறொரு வயிற்றில் பயன்படுத்திப் பார்த்தவர்கள் ஜப்பானியர்கள். மாடு அசைபோடும்போது இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. ஏப்பமாக வெளியேறும் அந்த வாயு புவி வெப்பமாதலுக்குக் காரணமானவற்றில் ஒன்று. ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தீவனத்தில் ஓட்டு எண்ணெயைச் சிறிதளவு கலந்து கொடுத்தபோது மீத்தேன் குறைந்தது. காய்ச்சாத எண்ணெயில்தான் இந்தப் பலன் நன்றாகக் கிடைத்தது, ஏனென்றால் அதில்தான் அனகார்டிக் அமிலம் சிதையாமல் இருக்கிறது. நம் ஆலைகள் கொப்பரையில் காய்ச்சிக் காய்ச்சி ஒழித்துக்கட்டுகிற அதே அமிலத்தைத்தான் அவர்கள் மாட்டுக்குத் தேடி வாங்குகிறார்கள்.